சரஸ்வதிக்கு முன்னால் மாட்டிக்கொண்ட என் நிச்சயதார்த்த நோட்டு

ஒழுங்கில்லாத மனுஷனால் ஒரு குடும்பத்துக்குப் பெரிய ஆபத்து வந்துவிடாது. அவன் மறப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு தரம் ஞாபகப்படுத்திவிடுவார்கள். திடீரென்று ஒருநாள் ஒழுங்குக்கு வந்தவன்தான் ஆபத்து. நான் என்னுடைய நிச்சயதார்த்தத்துக்கு முந்தின மாதம் ஒழுங்குக்கு வந்தேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. (என்ன வேலை என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.) ஒரு சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஒருவர் கெட்டி அட்டை நோட்டைக் காட்டி, செய்ய வேண்டியதை எல்லாம் இதில் இறக்கி வைத்துவிட்டு மண்டையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்தால் டிக். ஒவ்வொரு காரியத்துக்கும் தனிப் பக்கம், முன்னால் பொருளடக்கம். மண்டையைக் காலியாக வைத்துக்கொள்ளும் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருந்தது.

அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய் நோட்டு, கலர் பேனாக்கள், ஸ்கேல், பக்க ஓரத்தில் ஒட்டுகிற சீட்டு எல்லாம் வாங்கி வந்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்தால் நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீடு. விஜயதசமியன்று காலையில் அங்கே நிச்சயம். வேன், பூ, பழம், தட்டு, சேலை என்று எதைப் பற்றி அம்மா வாயைத் திறந்தாலும் என்னிடம் ஒரே பதில்தான்.

"நோட்டுல ஏத்தியாச்சும்மா."

தளவாய்புரத்தில் இருக்கும் மாமாவிடமும் அதையேதான் சொன்னேன். மாமா அம்மாவின் அண்ணன், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என் காலேஜ் ஃபீஸிலிருந்து மில் வேலை வரைக்கும் எனக்காக அலைந்தவர். மனசு தங்கம், ஆனால் மரியாதை ஒரு இம்மி குறைந்தாலும் முறுக்கிக்கொள்வார். ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் தன்னை இரண்டாவதாக அழைத்தார்கள் என்று, அந்த வீட்டு வாசலை அவர் இன்றுவரை மிதிக்கவில்லை.

"மாமா, நீங்க எதுக்கும் போன் பண்ணாதீக. காலையில உங்க வாசலுக்கு வேன் வரும். நீங்க ஏறி உக்காந்தாப் போதும்" என்றேன்.

"ஏலே, மறந்துர மாட்டியே?"

"நோட்டுல ஏத்தியாச்சு மாமா."

விஜயதசமியன்று விடிந்ததும் நோட்டைத் தேடினேன். மேஜையில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், அரிவாள்மனை, கத்தரிக்கோல், பைக் ஸ்பேனர், தங்கச்சியின் நர்சிங் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே என் நோட்டு. அட்டையில் சந்தனம், குங்குமம், ஒரு செவந்திப் பூ. முதல் நாள் நான் மில் பூஜைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா செய்த வேலை.

கையை நீட்டினேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தொடாதல. பூசையில வெச்சத மறுபூசை பண்ணாம எடுக்கக் கூடாது."

"அப்ப இப்பவே மறுபூசை பண்ணும்மா."

"நிச்சயம் முடிச்சு, பொண்ணு வீட்டுத் தாம்பூலத்த வெச்சுத்தான் பண்ணணும்னு நேந்திருக்கேன். முந்தி எடுத்தா படிப்பு போயிரும்."

"படிச்சு முடிச்சு எம்புட்டு வருசமாச்சு."

"அதான். இருக்கிற கொஞ்சமும் போயிரும்."

அம்மா அடுப்படிக்குள் போனதும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியால் அட்டையை நெம்பப் பார்த்தேன். (கையால் தொடவில்லை அல்லவா.) உள்ளேயிருந்தே அம்மா, "குச்சிய வெச்சுப் படிச்சாலும் படிச்சதுதான்" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, மண்டையில் இருப்பதை வைத்துச் சமாளிப்போம் என்று மண்டைக்குள் தேடினேன். வீடியோக்காரர் சொன்னபடியே அது சுத்தமாகக் காலியாக இருந்தது. வேன் வந்தது. பூ வந்தது. செத்த நேரம் கழித்து இன்னொரு கடையிலிருந்தும் பூ வந்தது. வேன் கிளம்பும்போது மூன்றாவதாக ஒருவர் சைக்கிளில் பூக்கூடையோடு வந்து நின்றார். தேங்காய் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. போகிற வழியில் நிறுத்தி வாங்கிக்கொண்டோம்.

வேனில் அம்மா கேட்டாள். "அண்ணன் எப்பிடி வாரான்?"

அங்கே நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சும்மா." தைரியமாகத்தான் சொன்னேன். எழுதி வைத்த காரியம் தானாக நடந்துவிடும் என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீடு நிறைய ஜனம். தட்டுகளைப் பரப்பினார்கள். எங்கள் பக்கம் எல்லாத் தட்டிலும் பூ பொங்கி வழிந்தது. பெண்ணின் அப்பா சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்று சொன்னார்.

"தாய்மாமன் அவிய முன்னால வரட்டும். தட்டை மாத்திருவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். தளவாய்புரம் ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது, நாங்கள் வந்தது வடக்கே. எங்கள் வேன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 'போன் பண்ணாதீக' என்று நான் சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக அந்த மனுஷன் போன்கூடப் பண்ணவில்லை. பட்டாளத்து ஆள், சொன்னால் சொன்னதுதான்.

"மறந்துட்டியாடா?" என்றாள் அம்மா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் கலங்கிக் கேட்டாள். "உங்க அப்பா இருந்த எடத்துல நிக்க வேண்டிய ஆளுல."

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். என் குரலைக் கேட்டார். வைத்துவிட்டார். அம்மா போட்டாள். அவளுக்கும் அதே கதிதான். பெண் வீட்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மாமா இல்லாமல் தட்டு மாற்ற அம்மா சம்மதிக்க மாட்டாள். மாமா முறுக்கிக்கொண்டால் லேசில் இறங்க மாட்டார். என் கல்யாணம் என் கண் முன்னாலேயே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது உள் அறையிலிருந்து கோதை வெளியே வந்தாள். (கோதைதான் பெண். அதுவரை அவளும் நானும் தனியாகப் பேசியது ஒரு காப்பி ஆறுகிற நேரம்தான்.) அம்மாவிடம் நம்பரைக் கேட்டு, தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து கோதை பேசுதேன். ஆமா, பொண்ணுதான். உங்க மருமவன் மறந்துட்டாவ. நான் காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க வந்து தட்டைத் தொட்டாத்தான் நான் சேலை மாத்துவேன்."

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது. "அந்த வேன் வருமா தாயி?"

"அத நம்பாதீக மாமா. எங்கப்பா கார் எடுத்துட்டு வாராக."

காரில் என்னையும் ஏற்றிவிட்டார்கள். பட்டுவேட்டியோடு முன் சீட்டில் நான், ஸ்டீயரிங்கில் வருங்கால மாமனார். ராஜபாளையம் தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, மில்லுல என்ன வேலைன்னு சொன்னீக?"

"பிளானிங் செக்ஷன்" என்றேன்.

அதற்கு மேல் தளவாய்புரம் வரை அவர் எதுவும் கேட்கவில்லை.

மாமா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு, மடியில் கோதைக்கு வாங்கிய சேலைப் பை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னால் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலே பேசினார்.

"நோட்டுல ஏத்தியாச்சுன்னியே. எம்பேரு அதுல இருக்கா?"

"சத்தியமா இருக்கு மாமா. பூசையில வெச்சுட்டாங்க, அதான் பாக்க முடியல."

"சாயங்காலம் நான் பாக்கணும். இருந்தா கல்யாணத்துக்கு வாரேன். இல்லேன்னா இந்தத் தட்டோட சரி."

விஜயதசமி முழுக்கவே நல்ல நேரம் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்ல, தட்டு மாற்றினார்கள். கோதை பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை; மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மா தாம்பூலத்தை வைத்து மறுபூஜை பண்ணினாள். மாமனார் மாமாவைக் கொண்டுவந்து விட்டவர், விஷயம் கேள்விப்பட்டு, கிளம்பாமல் காப்பியோடு உட்கார்ந்துவிட்டார். அம்மா சூடம் காட்டி, நோட்டைக் கண்ணில் ஒற்றி, அண்ணன் கையில் கொடுத்தாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, நிச்சயதார்த்தப் பக்கத்தைத் திறந்தார்.

பக்கம் பிரமாதமாக இருந்தது. நாலு கலரில் நிழல் விழுந்த எழுத்தில் 'நிச்சயதார்த்தம்'. சுற்றிலும் கொடியும் பூவும். மூலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக. கோபுரத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'விவரத்துக்கு மாமா பக்கம் பார்க்க.'

மாமா பொறுமையாகத் திருப்பி மாமா பக்கத்துக்குப் போனார். அங்கேயும் பெரிய எழுத்தில் 'மாமா'. பக்கத்தில் ஒரு மீசை. கீழே ஒரு வரி: 'விவரத்துக்கு நிச்சயதார்த்தப் பக்கம் பார்க்க.'

அவ்வளவுதான். வேறு ஒரு புள்ளி கிடையாது. நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். அத்தனை ராத்திரியும் நான் தலைப்பு மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிகிறது. காலையிலேயே சரஸ்வதி அதைக் கையில் எடுத்துக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமனார் காப்பி டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மாமா அந்த மீசையையே வெகுநேரம் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்பேரு இருக்கு" என்றார். "சொன்ன வாக்கு வாக்குதான். கல்யாணத்துக்கு வாரேன்."

வந்தார். முந்தின நாளே, தலையணையும் போர்வையுமாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வேன் அனுப்புவதாகச் சொன்னேனே மாமா என்றதற்கு, "அதக் கேட்டுத்தான் முந்தியே வந்துட்டேன்" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'முடிச்சாச்சா' என்று கேட்பதில்லை. கேஸ் புக் பண்ணியாச்சு என்று நான் கொஞ்சம் வேகமாகச் சொன்னால் போதும், கோதை அடுப்பைப் பார்த்தபடியே, "எந்தப் பக்கம்?" என்பாள். வருஷாவருஷம் அம்மா அந்த நோட்டைப் பூஜையில் வைக்கிறாள். மறுபூஜைக்கு யாரும் அவசரப்படுவதில்லை. போன மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. மாமாவை முதல் ஆளாக அழைக்க வேண்டும் என்று தளவாய்புரத்துக்கு நேரிலேயே போனேன். வெற்றிலை பாக்கு வைத்து, "மாமா, அன்னைக்குக் காலையில..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. உள்ளே போய்த் தலையணையோடு திரும்பி வந்தார்.

காதுகுத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.