மாமனாரின் நெஞ்சுக்கு ஒரு ஜப்பான் மருந்து

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கியே தீருவது என்று ஒருவன் முடிவு செய்துவிட்டால், அவனிடமிருந்து அந்த மாமனாரைக் காப்பாற்ற யாராலும் முடியாது. நான் அப்படி ஒரு முடிவு செய்தேன். என் மாமனார் பிழைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். பள்ளிபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மாமனாருக்கு நாமக்கல் பக்கம் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. பெரிய மீசைக்காரர் (முதலில் மீசை வரும், பிறகுதான் மாமா வருவார்). வாரத்தில் நாலு நாள் ஆட்டுக்கறி இல்லாமல் சோறு இறங்காது. என்னைப் பற்றி ஊராரிடம் அவர் கொடுத்திருந்த சான்றிதழ் இதுதான்: "மாப்ள தங்கமான ஆளுங்க. ஆனா ஒண்ணுந் தெரியாது."

அந்தக் கோடையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கறியைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் சொன்னார். மாமா மாத்திரையை மட்டும் ஏற்றுக்கொண்டார். "ஒரு காரியமும் இல்லாம எங்கீங்க மாப்ள நடக்கறது? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மில்லுக்குப் புது மெஷின் மாட்ட ஒரு ஜப்பான்காரர் வந்தார். பெயர் மோரி. மில்லில் எல்லோருக்கும் மோர் சார். ஒருநாள் காலை கையெழுத்து வாங்க அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். வைக்கோல் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, பழுப்பு நிறத்தில் ஏதோ பயறை இரண்டு குச்சிகளால் கிண்டிக்கொண்டிருந்தார். குச்சியைத் தூக்கினால் பயறிலிருந்து நூல் நூலாக எழுந்தது. மழையில் நனைந்த காலுறையை ஒரு வாரம் பெட்டிக்குள் பூட்டி வைத்துத் திறந்தது போல் வாசம்.

நான் பின்வாங்கியதைப் பார்த்து அவர் சிரித்தார். நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "நாட்டோ! ஹார்ட், வெரி குட்! மை ஃபாதர், எய்ட்டி எய்ட்!" என்று சொல்லி, அவருடைய அப்பா இன்னும் சைக்கிள் ஓட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதித்துக் காட்டினார்.

(நாட்டோ என்றது என் காதில் நாட்டு மருந்து என்றே விழுந்தது. எந்த நாடு என்பதுதான் சிக்கல்.)

செய்முறையையும் சொன்னார். சோயா பயறை ஊறவைத்து வேகவைக்க வேண்டும். பழைய நாட்டோவில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவது போல் கலந்து, வைக்கோலில் கட்டி, ஒரு நாள் கதகதப்பில் வைக்க வேண்டும். கதகதப்பு என்பதற்கு ஆங்கிலம் கிடைக்காமல், கைகளை மடக்கி இறக்கையாக்கி, கோழி அடைகாப்பது போல் உட்கார்ந்து காட்டினார்.

கோழி! என் தலைக்குள் மாமாவின் ஹேச்சரி மின்னியது.

மோர் சாரிடம் ஒரு கரண்டி பழைய நாட்டோ வாங்கிக்கொண்டேன். கோழித்தீவனக் கடையில் சோயா வாங்கி வந்து வீட்டில் வேகவைத்தேன். என் மனைவி கமலம் பானையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாருக்கு இது?"

"உங்க அப்பாவுக்கு. நெஞ்சுக்கு நல்லது."

"டாக்டரக் கேட்டீங்களா?"

"ஜப்பான்காரரையே கேட்டாச்சு. அப்புறம் டாக்டர் எதுக்கு?"

சனிக்கிழமை மத்தியானம் ஆறு பொட்டலங்களோடு மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா தோட்டத்தில் இருந்தார். யாருக்கும் தெரியாமல் ஹேச்சரிக்குள் நுழைந்து, குஞ்சு பொரிக்கும் மெஷினில் முட்டைத் தட்டுகளுக்குக் கீழே பொட்டலங்களைச் செருகினேன். பிரமாதமான வெப்பம். மெஷினுக்குள் காற்றைச் சுற்றிவிட ஒரு விசிறி இருப்பதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். அத்தை ரசம் ஊற்றும்போது ஹேச்சரிப் பக்கமிருந்து ஓர் அலறல். எச்சில் கையோடு ஓடினேன்.

மெஷின் கதவு திறந்து கிடந்தது. வாசம் வாசல்வரை வந்து வரவேற்றது. மாமா கையில் பிய்ந்த பொட்டலம் ஒன்று. அவர் விரலிலிருந்து மெஷின்வரை வெள்ளை நூல்கள்.

"போச்சுங்க மாப்ள! முட்டையெல்லாம் அழுகிப் போச்சு! சளியாட்டம் இழுக்குது பாருங்க, ஏதோ புதுச் சீக்கு!" என்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வந்தது இதுதான்: "மாமா, அது உங்க நெஞ்சுக்கு நல்லதுங்க."

அவர் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

தீவனம் இறக்க வந்திருந்த வேனில் அவரை ஏற்றி நாமக்கல்லுக்குப் பறந்தோம். கமலம் அழுதுகொண்டே வந்தாள். நான் மாமாவின் கையைப் பிடித்திருந்தேன். பிசுபிசுப்பில் இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டன. சிரிப்பு வரவில்லை. இந்தக் கை குளிர்ந்துபோனால் நான் என்ன செய்வேன்? வேன் போகும் வழியிலேயே பயறு, வைக்கோல், மோர் சார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாமா கண்ணைத் திறக்கவே இல்லை.

டாக்டர் வெகுநேரம் சோதித்துப் பார்த்தார். "இருதயம் நல்லாத்தான் இருக்கு. பயந்துட்டாரு, அவ்வளவுதான்" என்றார். பிறகு மூக்கைச் சுளித்தார். "என்ன இது நாத்தம்?"

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரை சாப்பிடற மனுஷனுக்கு என்னைக் கேக்காம ஒரு பருக்கைகூடக் கொடுக்கக் கூடாது, தெரியுமா? அவ்வளவு நல்லதுன்னா நீங்க சாப்பிடுங்க."

கண்ணை மூடியிருந்த மாமா, அதை மட்டும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வீடு வந்ததும் எனக்கு இலை போடச் சொன்னார். சுடுசோறு. அதன்மேல் ஒரு பொட்டலம் நாட்டோ.

"டாக்டரு சொன்னாருல்லங்க? சாப்புடுங்க மாப்ள."

சாப்பிட்டேன். இலையிலிருந்து வாய்க்கு ஒரு நூல், வாயிலிருந்து தாடைக்கு ஒரு நூல், தாடையிலிருந்து சட்டைப் பொத்தானுக்கு ஒரு நூல். துடைத்த துண்டும் கூடவே வந்தது. கமலம் சேலைத் தலைப்பால் எடுக்கப் போய் அவளும் மாட்டிக்கொண்டாள். (வெங்காயம் கடித்துக்கொண்டால் இரண்டாவது கவளம் பரவாயில்லை. இதை அன்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.)

மாமாவின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால் மனுஷன் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

"ஐயோ, சிரிக்காதீங்க, நெஞ்சு!" என்று அத்தை ஓடி வந்தார். இலையையும் என்னையும் பார்த்ததும் அவரும் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை குஞ்சுகள் பொரிந்து, மெஷின் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கத்தினவாம்.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை காலையிலேயே மாமா செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். என்றைக்காவது சோம்பலாகப் படுத்திருந்தாலோ, கொழுப்புக் கறிக்குக் கை நீட்டினாலோ அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "மாப்ளைக்கு ஆள் சொல்லி உடட்டுங்களா?" அடுத்த நிமிஷம் மாமா வரப்பில் இருப்பார். இப்போது எங்கள் பேரப் பிள்ளைகள்வரை யார் உடம்பைக் கவனிக்காமல் இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

மாமா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். எண்பதைத் தாண்டியும் விறைப்பாக நடக்கிறவரைப் பார்த்து யாராவது ரகசியம் கேட்டால், என்னைக் கைகாட்டிவிட்டுப் பெருமையாகச் சொல்வார்:

"என்ற மாப்ள ஒரு மருந்து வெச்சிருக்காருங்க. அத திங்கறதுக்குப் பயந்துட்டுத்தான் நடக்கறேன்."