வடம் பிடித்து இழுத்த தீயணைப்பு வண்டி

வரைபடம் போடுகிறவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிட்ட ஒரு மூலையில் மாடபுரி என்ற நாடு இருந்தது. நாடு என்று பெயரே தவிர, மொத்தமும் ஒரே நகரம்தான். சுற்றியிருந்த வயலை எல்லாம் விழுங்கிவிட்டு, அதற்குமேல் இடம் இல்லாமல் வானத்தைப் பார்த்து வளர்ந்த நகரம். வீட்டின் மேல் கிடங்கு, கிடங்கின் மேல் வீடு, அதன் மேல் இன்னொரு வீடு. அங்கே மழை பெய்வதைவிடத் தீப்பிடிப்பது சாதாரணம்.

முன்பு ஒருமுறை பாதி நகரம் எரிந்து போனது. மிஞ்சியவர்கள் சாம்பல் ஆறுவதற்குள் ஒரு சட்டம் எழுதினார்கள். நாம் நம்பியிருக்கிற எதற்கும் பின்னால் அதைப் போலவே இன்னொன்று ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி, தெருக்களில் ஓடுகிற தீயணைப்பு வண்டிகளுக்கு மாற்று வண்டிகள் ஒரு பெரிய ஷெட்டில் நின்றன. ஓடுகிற வண்டி படுத்துக்கொண்டால் மாற்று வண்டி அன்றே அந்தத் தெருவுக்குப் போய்விடும். தினமும் காலையில் ஒவ்வொரு மாற்று வண்டியையும் கிளப்பி, பம்பை ஓட்டி, தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பார்கள். சட்டத்தின் அடுத்த வரி ஆட்சி மன்றத்தைப் பற்றியது. ஆள்கிற வரிசைக்கு எதிரே மாற்று வரிசை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும், இவர்கள் பழுதானால் அவர்கள் ஆள வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் காலத்து ஜனங்கள் விவரமானவர்கள்.

கேடு ஒரு முன்விளக்கில் தொடங்கியது. வெற்றி விழா அணிவகுப்பில் தீத்துறை அமைச்சர் இரத்தினசபாபதி நின்றுகொண்டு வர வேண்டிய வண்டிக்கு விளக்கு எரியவில்லை. புதிது வாங்க வேண்டும் என்று ஷெட் கண்காணிப்பாளர் கோதண்டம் கைகட்டிச் சொன்னார்.

"எதுக்கு வாங்கணும்? உள்ள அத்தனை வண்டி சும்மா நிக்குதே. ஒண்ணுலேருந்து கழட்டி மாட்டுங்க."

"அதெல்லாம் மாற்று வண்டிங்க, ஐயா."

"நான் என்ன முழுங்கிடவா போறேன்? விழா முடிஞ்சதும் திருப்பிப் போட்டுக்கலாம்."

விழா முடிந்தது. விளக்கு திரும்பவில்லை. அடுத்த மாதம் ஒரு சக்கரம் போனது, அதற்கடுத்து ஒரு பேட்டரி, பிறகு ஒரு பம்பு. ஒவ்வொரு முறையும் "திருப்பிப் போட்டுக்கலாம்" என்ற சொல் கூடவே போனது. கடைசியில் அமைச்சர் அதையே ஆணையாக்கிவிட்டார். இனி மாடபுரியில் உதிரிபாகம் வாங்குவது குற்றம், மாற்று வண்டிகளே உதிரிபாகம். இந்தச் சிக்கனத்துக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆட்சி மன்றத்திலும் அதே வேலை நடந்தது. ஆள்கிற வரிசையில் கணக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போகவே, எதிரே சும்மா உட்கார்ந்திருந்த கணக்குக்காரரைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கொண்டார்கள். பிறகு நன்றாகக் கத்தத் தெரிந்தவரை. பிறகு சட்டம் தெரிந்தவரை. மாற்று வரிசைத் தலைவர் வீரபாகு ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று வன்மையாகக் கண்டித்துவிட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் இதை வேடிக்கை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் இதைக் கேட்டபோது முதலில் சிரித்தேன்.

காலையில் மாற்று வண்டியைக் கிளப்பினால் அது கிளம்பாது என்ற நிலை வந்ததும் இன்னொரு ஆணை பிறந்தது. வண்டியைக் கிளப்பிப் பார்ப்பது அரசின்மீது அவநம்பிக்கை காட்டுவதாகும். ஆகவே கிளப்பக் கூடாது, துடைக்கலாம். கோதண்டத்தின் ஆட்கள் அன்றிலிருந்து எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். மேலே சிவப்பு வண்ணம் பூசினார்கள், மணியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். மாடபுரியின் மாற்று வண்டிகள் அவ்வளவு அழகாக அதற்குமுன் இருந்ததே இல்லை.

இதற்குள் தெருவில் ஓடிய வண்டிகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. எந்தத் தெருவில் வண்டி இல்லையோ அந்தத் தெருவில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அரசு கருணையோடு ஆணையிட்டது. தீ இருந்தால்தானே தீ விபத்து என்று அமைச்சர் விளக்கினார். ஜனங்கள் பச்சைக் காய்கறியும் ஊறவைத்த அவலும் தின்றார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க மூன்று தெரு தாண்டிப் போனார்கள்.

துணிச்சந்தைத் தெருவும் அப்படிப்பட்ட தெருதான். அங்கே தவமணி இட்லிக்கடை வைத்திருந்தாள். கீழே கடை, நடுவில் யாருடையதோ பஞ்சுக் கிடங்கு, அதற்கு மேலே அவள் வீடு, அதற்கும் மேலே வேறு குடித்தனங்கள். கணவன் சின்னையா சந்தையில் மூட்டை தூக்கியவன். மாடிப்படியில் மூட்டையோடு விழுந்து இடுப்பு ஒடிந்து, ஜன்னலோரக் கட்டிலோடு கிடந்தான். கடை ஓடினால் அவனுக்கு மருந்து. அடுப்பு அணைந்து ஒரு மாதம் ஆனதும் தவமணி தெருவில் இருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு அமைச்சர் மாளிகைக்குப் போய்விட்டாள்.

"ஐயா, எங்க தெரு வண்டி ஒர்க்‌ஷாப்ல கெடக்குதாம். மாத்து வண்டி குடுத்துட்டா அடுப்பு மூட்டிக்குவோம். சட்டத்துல இருக்குதுன்றாங்க."

அமைச்சர் மனமிளகிவிட்டார். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "தாயே, ஒரு மாற்று வண்டி இன்று முதல் உங்கள் தெருவின் சொத்து. நானே வந்து தொடங்கி வைக்கிறேன்" என்றார். பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர்கள் போனதும் கோதண்டம் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, வண்டி அங்க போய்ச் சேரணுமே."

"ஓட்டிக்கிட்டுப் போங்க."

"எஞ்சின் போன வருஷமே எடுத்தாச்சுங்க. உங்க பாதுகாப்பு வண்டிக்கு."

அமைச்சர் கோபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து கோதண்டத்தின் வாயிலிருந்து ஒரு யோசனை வந்தது.

"ஜனங்களை விட்டே வடம் புடிச்சு இழுக்கச் சொல்லலாம், ஐயா. தேர் மாதிரி. மரியாதையா இருக்கும்."

அப்படியே நடந்தது. வண்டிக்கு முன்னால், தேருக்குக் கட்டுவதுபோல இரண்டு பெரிய வடங்களைக் கட்டினார்கள். சந்தனம் தெளித்து, பூ சுற்றி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அமைச்சர் மேலே ஏறி நின்று கொடியசைத்தார். துணிச்சந்தைத் தெருவே திரண்டு வந்து வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இழுத்தது. தவமணி முன்வரிசையில் இழுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. தெருவின் முட்டுச்சந்து முனையில் வண்டி வந்து நின்றபோது சிலர் அழுதார்கள்.

மேலே ஜன்னலிலிருந்து சின்னையா எட்டிப் பார்த்தான்.

"ஏன் தவம், வண்டியில சத்தமே வரலியே?"

"புது வண்டிய்யா. சத்தம் வராது" என்றாள் தவமணி, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் தெரு முழுக்க அடுப்பு எரிந்தது. சின்னையா ஒரு மாதத்துக்குப் பிறகு சூடாக நான்கு இட்லி சாப்பிட்டான். கோதண்டத்துக்குப் பதவி உயர்வு வந்தது.

அதன்பின் ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் இருந்த வேளையில் பஞ்சுக் கிடங்கின் மின்கம்பியில் பொறி பறந்தது. தவமணியின் அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பஞ்சு பிடித்தால் கேட்கவா வேண்டும்? கீழே கடை, மேலே வீடு, நடுவில் நெருப்பு. படிக்கட்டு கிடங்கின் வாசலை ஒட்டித்தான் போனது. தவமணி ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு முறை ஏறப் பார்த்தாள், இரண்டு முறையும் ஆட்கள் பிடித்து இழுத்தார்கள்.

ஆனாலும் தெருவில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. வண்டிதான் இருக்கிறதே. இளைஞர்கள் முனைக்கு ஓடினார்கள். ஒருவன் ஏறி மணியை அடித்தான். நன்றாகத் துலக்கிய மணி, கணீரென்று கேட்டது. ஜன்னலில் சின்னையாவுக்கும் கேட்டிருக்க வேண்டும், அவன் கையை ஆட்டினான். இன்னொருவன் சாவியைத் திருகினான். திரும்பவும் திருகினான். எதுவும் நடக்கவில்லை. பானெட்டைத் திறந்தார்கள்.

உள்ளே எஞ்சின் இல்லை. வைக்கோல் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஒருவன் ஓடிப்போய் பின்பக்கம் பார்த்தான். பம்பு இருந்த இடத்தில் பலகை அடித்துச் சிவப்பு பூசியிருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கையால் தட்டினான், தகரம் வெறுமையாய் ஒலித்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பக்கத்துத் தெருக்கள் எதிலும் வண்டி இல்லை. நகரத்தின் அடுத்த கோடியிலிருந்து ஒரு வண்டி வந்து சேர்ந்தபோது ஜன்னல் இருந்த சுவரே இல்லை. அந்தக் கட்டடத்தில் பதினோரு பேர் போனார்கள். சின்னையா கட்டிலை விட்டு இறங்கி வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்திருந்தான்.

விசாரணைக் குழு வந்தது. மாற்று வண்டியைச் சுற்றிவந்து பார்த்தது. தீ விபத்தில் அரசு உடைமைக்கு யாதொரு சேதமும் இல்லை என்று திருப்தி தெரிவித்தது. வண்டியில் அத்துமீறி மணி அடித்தவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அமைச்சர் ஆறுதல் சொல்ல வந்தார்.

"தாயே, விதி. வண்டி மட்டும் ஓடியிருந்தால் எல்லோரையும் காப்பாற்றியிருக்கும்" என்றார்.

தவமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் நகரம் பேசியது. தேர்தல் வந்தபோது மாடபுரி மொத்தமும் ஒரே மூச்சாக ஆள்கிற வரிசையைக் கீழே இறக்கியது. நம் முன்னோர் எழுதி வைத்த சட்டம் இருக்கிறது, மாற்று வரிசை இருக்கிறது, அதைக் கொண்டுவா என்றார்கள். துணிச்சந்தைத் தெருவில் ஒரு ஓட்டு மிச்சமில்லாமல் வீரபாகுவுக்கு விழுந்தது. தவமணி முதல் ஆளாகப் போய்ப் போட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்த வண்டியையும் கிளப்பிக் காட்டாமல் எந்தத் தெருவிலும் நிறுத்தக் கூடாது. செய்கிறேன் என்று வீரபாகு அவள் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தார்.

பதவியேற்பு ஊர்வலம் எரிந்த தெரு வழியாக வருவதாக ஏற்பாடு. கண்ணீரைத் துடைக்கும் பயணம் என்று பெயர். நாலு பக்கமும் பட்டுத்திரை கட்டிய பெரிய ரதம். அதில் புதிய ஆட்சியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தார்கள். கொட்டும் வெடியும் காதைப் பிளந்தன. ரதத்தின் முன்னால் நடந்து, வடத்தை எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டு வந்தவர் கோதண்டம்.

தவமணி ஓரமாக நின்றாள். காற்றில் ஒரு பக்கத்துத் திரை விலகியது.

வீரபாகு நடுவில் இருந்தார். அவர் வலப்பக்கம் அந்தக் கணக்குக்காரர். இடப்பக்கம் கத்தத் தெரிந்தவர். பின்னால் சட்டம் தெரிந்தவர். போனவர்கள் எல்லோரும் தேர்தல் முடிவு வந்த கையோடு திரும்பியிருந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை, அந்தப் பக்கத்தில் பழகியவர்களையும் அழைத்து வந்திருந்தார்கள். கடைசி இருக்கையில், புதுத் துண்டு போட்டுக்கொண்டு இரத்தினசபாபதி இருந்தார். தீத்துறையில் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்று சொன்னார்கள். வீரபாகு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்குள் திரை மூடிக்கொண்டது.

கொட்டு ஒரு நொடி ஓய்ந்தது. அந்த அமைதியில் சக்கரம் உருளும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வடம் பிடித்திருந்த ஒரு பெண், பக்கத்துத் தெருக்காரி, வியர்வை வழிய முகமெல்லாம் சிரிப்பாக, வடத்தின் ஒரு பிடியை விட்டு இடம் ஒதுக்கினாள்.

"வாங்கக்கா, நீங்களும் ஒரு கை புடிங்க. உங்களுக்கில்லாத உரிமையா?"

தவமணி கையை நீட்டவில்லை. காய்த்துப்போன உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ரதத்தையே பார்த்தாள்.

"ஏம்மா, சத்தமே வரலியே?" என்றாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"புது ஆட்சிக்கா. சத்தம் வராது."