காசிமிரோவுக்குப் படையல்

ஸ்பானிஷ் வகுப்பறையைப் பெருக்க வந்த காசிமிரோ, இறந்தோர் திருநாள் படையலில் தன் படத்தைப் பார்த்துத் துடைப்பத்தைக் கீழே போட்டான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவந்த படங்கள். செத்துப்போன தாத்தாக்கள், ஒரு வெள்ளெலி, இரண்டு நாய். நடுவில் அவன். நாற்பது வருடத்துக்கு முந்தைய தொப்பி, மீசை. கை காதில். பொய் சொல்லும்போது காதைத் தடவுவது அவன் வழக்கம். படத்தின் மறுபாதியை யாரோ கிழித்திருந்தார்கள். தோள்மேல் ஒரு வளையல் கை மட்டும் மிச்சம்.

இப்போது தலையும் வழுக்கை, மீசையும் இல்லை. யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் உயிரோடிருப்பவனைப் படையலில் வைத்தால் அவன் வருடம் தாண்டமாட்டான். மெக்சிகோவில், அவன் ஊர் சகாடெகாஸில், கைக்குழந்தைக்குத் தெரியும் இது. இங்கே அமெரிக்காவில், நெப்ராஸ்காவில், டீச்சருக்கே தெரியவில்லை. படித்து என்ன கிழித்தார்களோ.

படத்தை எடுத்துச் சட்டைப்பையில் செருகினான்.

மறுநாள் அதே படம் கதவளவு பெரிதாக நின்றது.

"படம் காணாமப் போயி பிள்ளைங்க ஒரே அழுகை. நல்லவேளை, போன்ல ஒரு காப்பி இருந்துச்சு," என்றாள் மிஸ் விட்னி.

"டீச்சர், அந்தாளு உயிரோட இருக்கான்."

அவளுக்குக் கண் கலங்கியது. "ஆமா காசிமிரோ ஐயா. நம்ம மனசுல இருக்காரு."

இன்னும் நான்கு பேட்டரி மெழுகுவத்தி வைத்தாள். ஒரு தட்டுப் பூசணி மிட்டாயும்.

"அதை அவன் தொடமாட்டான்," என்று உளறிவிட்டான்.

"அட, உங்களுக்கு அவரைத் தெரியுமா? வெள்ளிக்கிழமை வீட்டாளுங்க எல்லாரும் வராங்க. நீங்கதான் அவரைப் பத்திப் பேசணும்!"

"பேசுறேன். பேசி முடிச்சதும் படத்தைக் கழட்டி என் கையில குடுத்துடணும்."

உயிர் பிழைக்க வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அறை நிறைந்திருந்தது. "தங்கமான மனுசன்," என்று காதைத் தடவினான். "உழைப்பாளி." தடவினான். "ஒரு பொம்பளையையும் ஏமாத்தினதில்ல." காது சிவந்துவிட்டது.

பேசப் பேச அவனுக்கே தன்மேல் துக்கம் பொங்கியது. எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். கடைசி வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் பெரியத்தை," என்றாள் படத்தைக் கொண்டுவந்த சிறுமி யாரெட்ஸி, "கல்யாணத்தன்னிக்குக் காலையில மாப்பிள்ளையை ஆறு அடிச்சிட்டுப் போயிடுச்சுன்னு அழுவியே, அந்த மாப்பிள்ளையைத்தானே இவரு இவ்வளவு நல்லாச் சொல்றாரு, இப்ப எதுக்குச் செருப்பைக் கழட்டுறே?"