கோட்டுக்குள் புளித்தது

சனிக்கிழமை காலை லிஃப்ட்காரர் மூன்றாவது முறையாகக் குண்டானைத் திறந்து பார்த்தார். மாவு நேற்று ஊற்றிய இடத்திலேயே படுத்திருந்தது. முப்பது மாடி லிஃப்டை ஏற்றி இறக்கிச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு, ஒரு குண்டான் மாவை ஒரு அங்குலம் ஏற்ற முடியவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை வெளியூரிலிருந்து மகள் வருகிறாள். மனைவி இறந்துபோன இந்தப் பத்து மாதமும் அவர் மகளிடம் போனில், ஞாயிறானால் இட்லிதான், பஞ்சு மாதிரி வருகிறது என்று அளந்துவிட்டிருந்தார். சாப்பிட்டதெல்லாம் வெறும் ரொட்டி. தனியாகச் சமாளிக்கத் தெரியவில்லை என்று தெரிந்தால், வீட்டைக் காலி செய்து கையோடு அழைத்துப் போய்விடுவாள். மனைவி புழங்கிய வீடு.

குண்டானை ஹீட்டர் மேல் வைத்தார். மதியம் அடியில் கனமாக ஒரு அடை. மேலே பச்சை மாவு. அடையைச் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சின்னப் பாத்திரத்தில் விளிம்புவரை ஊற்றினார். குளிருக்கு என்ன செய்வோம், போர்த்திக்கொள்வோம். மாவுக்கும் போர்த்தினால் ஆயிற்று.

கையில் அகப்பட்டது மனைவியின் நீலக் கம்பளிச் சால்வை. அவள் துணிகளில் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது அது ஒன்றுதான். மகள் வந்தால் முதலில் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள்.

ஞாயிறு விடிந்தபோது மாவு பொங்கியிருந்தது. பாதி பாத்திரத்தில், மீதி சால்வையில். பதறிப்போய்ச் சால்வையைக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கினார். அதுவரை வெறும் மாவாக இருந்தது, சால்வை மேலேயே வெந்து இட்லியாகிவிட்டது.

இனி தெருமுனையில் தமிழ்க்காரம்மா நடத்தும் சலவைக்கடைதான். அந்த வாசலை மிதித்து இரண்டு வருடமாகிறது. அவருடைய சாம்பல் நிறக் கோட்டை மனைவிதான் அங்கே வெளுக்கப் போட்டு, சனிக்கிழமை வாங்கி வருவாள். குளிர்காலம் முழுக்க, திங்கட்கிழமை எடுத்து மாட்டினால் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. மூடிய லிஃப்டுக்குள் கூட வேலை செய்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் பொறுக்காமல், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "நீங்க போடற மருந்துதான் கோட்டைப் புளிக்க வைக்குது" என்று கடைக்காரம்மாவைப் பார்த்துக் கத்தினார். அந்தம்மா "சரி சார்" என்று கோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். கூட வந்த மனைவி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது தரையைப் பார்ப்பது அவர் முறை. சால்வையைப் பையிலிருந்து எடுத்துவைத்தார்.

"பெயிண்ட் கொட்டிடுச்சு."

கடைக்காரம்மா நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள்.

"உளுந்து பெயிண்டா, சார்?"

அவருக்குக் காது மடல் சுட்டது. பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"மாவும்மா. பொங்கறதுக்காகச் சுத்தி வெச்சேன்." எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "அன்னிக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கு ஒண்ணும் தெரியலை. இட்லி சுடத் தெரியும்னு மககிட்ட புளுகி வெச்சிருக்கேன். இதோ வந்துடுவா. எல்லாத்தையும் சொல்லிடப்போறேன்."

கடைக்காரம்மா சால்வையை மெதுவாக உதறி மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சால்வையிலயா சார் சுத்தறது? அக்கா எப்பவும் உங்க கோட்டுலதான் சுத்துவாங்க. பழியை நீ வாங்கிக்கோன்னு வாரம் ஆறு இட்லி எனக்குக் கொண்டுவந்து குடுப்பாங்க."