செபராங் ஜெயாவில் ஒருவர் பெட்டி பார்க்கிறார்

பெண் வீட்டில் "தம்பி என்ன தொழில்?" என்று கேட்டால் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால், அந்த மீதியை வேறு யாராவது நல்ல நாளாகப் பார்த்து சபையில் எடுத்துப் போடுவார்கள். என் விஷயத்தில் அந்த யாராவது, என்னைப் பெற்ற அம்மாவேதான்.

அப்போது நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று மூன்று மாத வகுப்பு ஒன்றை முடித்து, சொந்தமாக ஆபீஸ் திறந்திருந்தேன். (ஆபீஸ்னா, டத்தோ கிராமாட்ல எங்க வீட்டு சாப்பாட்டு மேசை. பசியாற நேரத்துல ஆபீஸ் மூடிடும்.) கார்டில் "தலைமை ஆலோசகர்" என்று அச்சடித்துக்கொண்டேன். எனக்குக் கீழே வேலை பார்த்தது ஒரு மேசை விசிறி மட்டும்தான்.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் ராஜு அண்ணே. எங்கள் வட்டாரத்தில் ஈமச்சடங்கு சேவை நடத்துகிறவர். பெட்டி, பந்தல், பூ, வண்டி, பண்டாரம் என்று சாவு வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே போனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அவருடைய அக்கா மகன் கடைக்கு ஒரு முகநூல் பக்கம் நடத்திக்கொண்டிருந்தான். விளம்பரத்துக்கு மாசாமாசம் காசு போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"லைக் போடறான் தம்பி, சரி. ஹார்ட் போடறான், அதுவும் சரி. போட்டவன் வந்து பெட்டி எடுக்கறானா? அத மட்டும் கண்டுபிடிச்சுக் குடு லா."

பெரிய பெரிய கம்பெனிகளில் டை கட்டியவர்கள் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிற கேள்வி அது. நான் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஒரே மாசத்துல காட்டறேண்ணே" என்றேன். வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கிறோம். காட்டினால் ஒரு வருஷ ஒப்பந்தம், இல்லையென்றால் தே தாரிக்கோடு சரி என்று பேச்சு முடிந்தது.

அந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே இல்லை. தர்ஷினியும் நானும் நாலு வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தோம். அவள் அப்பா பொன்னுத்துரை மாமா, அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு செபராங் ஜெயாவில். யாழ்ப்பாண வழிக் குடும்பம், பாட்டன் காலத்திலிருந்து மாசச் சம்பளத்தைத் தவிர வேறு எதையும் நம்பாத குடும்பம். என்னைப் பார்த்து ஒரே நிபந்தனைதான் வைத்தார்.

"நிரந்தரமா ஒரு வருமானம் இருக்கோணும் தம்பி. அது இருந்தா நிச்சயத்துக்கு நாள் பாப்பம்."

"ஒரு வருஷ ஒப்பந்தம் கைக்கு வந்த மாதிரிதான் மாமா."

"என்ன கம்பெனி?"

"சேவைத் துறை மாமா. வாடிக்கையாளர் கூட கடைசி வரைக்கும் நிக்கிற கம்பெனி."

மாமா திருப்தியாகத் தலையாட்டினார். (பொய் சொன்னேனா? ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டுங்க.)

அதற்கு அடுத்த வாரமே மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேலையில் மும்முரமானேன்.

ராஜு அண்ணனுக்குப் பூவும் விளக்குமாக ஒரு வெப்சைட் செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கணக்குக் காட்டும் அனலிட்டிக்ஸைப் பொருத்தினேன். கீழே ஒரு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் அண்ணனுக்குச் செய்தி போகும், எனக்கு ஒரு 'கன்வெர்ஷன்' ஏறும். அதாவது, விளம்பரம் பார்த்தவர் வாடிக்கையாளராக மாறிவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் வாத்தியார் கன்வெர்ஷன் கூடக் கூடக் கை தட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தத் தொழிலில் ஒரு கன்வெர்ஷன் என்றால் எங்கேயோ ஒரு வீட்டில் ஒப்பாரி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

எண்ணிக்கை சரியாக விழுகிறதா என்று சோதிக்க எங்கள் குடும்பக் குரூப்பில் லிங்கைப் போட்டு, "எல்லாரும் ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்று எழுதினேன். ஈமச்சடங்குக் கடைக்கு இப்படி அழைக்கலாமா என்று கெப்பாலா பத்தாஸில் இருக்கிற சித்தி மட்டும் கேட்டார். நான் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுச் சமாளித்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இனிமேல் ரிடார்கெட்டிங் என்ற சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் கடையில் ஒரு செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்துவிடுகிறீர்கள். கடைக்காரன் அந்தச் செருப்பைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தால் எப்படி இருக்கும்? அதையே இணையத்தில் செய்தால் அதற்குப் பேர் ரிடார்கெட்டிங். ஒரு தரம் பெட்டிப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பெட்டி விளம்பரம் பின்னாலேயே போகும்படி அமைத்தேன். வாசகத்துக்கு மூளையைக் கசக்கவில்லை. செருப்பு, கைப்பை விற்கிறவர்களுக்காக வகுப்பில் கொடுத்த வாசகங்களை அப்படியே தமிழில் போட்டேன்.

"இன்னும் யோசிக்கிறீங்களா?"

"நீங்கள் பார்த்தது உங்களுக்காகவே காத்திருக்கிறது."

மூன்றாவது வாசகம் "சீக்கிரம் வாங்க." அதை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு அதையும் போட்டேன்.

மாசம் பாதி போனபோது ராஜு அண்ணனிடம் மடிக்கணினியைத் திறந்து முதல் அறிக்கை கொடுத்தேன். ஒரே ஒரு குறைதான் இருந்தது.

"மறுபடி வர்ற வாடிக்கையாளருங்க கம்மியா இருக்காங்கண்ணே. அதைக் கூட்டணும்."

அண்ணே நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நம்ம தொழில்ல ஒருத்தன் மறுபடி வந்தான்னா நான் கடையத் தொறந்து போட்டுட்டு ஓடணும்."

நான் அசடு வழிந்துகொண்டே அடுத்த பக்கத்துக்குத் தாவினேன். என் துருப்புச்சீட்டு அங்கேதான் இருந்தது. "இதப் பாருங்கண்ணே. செபராங் ஜெயாவுல ஒரு ஆளு. பெட்டிப் பக்கத்துல கால் மணி நேரம் நின்னுருக்காரு. திரும்பத் திரும்ப வர்றாரு. கையில கனிஞ்ச பழம்ணே இது."

"யாரு அது?"

"ஆளு தெரியாது, ஊரு மட்டும்தான் தெரியும். விடமாட்டேண்ணே. விளம்பரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கறேன்."

சொன்னபடியே இறுக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நிச்சயத்துக்கு நாள் பேசலாம் என்று அம்மாவும் நானும் பழத்தட்டோடு காடியில் (காரைத்தான் எங்க ஊர்ல அப்படிச் சொல்வோம்) பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயா போனோம். அங்கே வீடே ஒரு மாதிரி இருந்தது. தர்ஷினி கண்ணால் என்னவோ சொல்லப் பார்த்தாள், எனக்குப் புரியவில்லை. மாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரியால வந்த பிறகு இவற்ற போன்ல ஒரே பிரேதப் பெட்டி. கிரிக்கெட் பாத்தாலும் பெட்டி, சமையல் பாத்தாலும் பெட்டி. வா வா எண்டு கூப்பிடுது. இதுக்குள்ள என்னெண்டு நல்ல காரியத்துக்கு நாள் குறிக்கிறது?"

கெட்ட சகுனம் என்று கோயிலுக்குப் போனைக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, அதன் மேலேயே திருநீறும் பூசி எடுத்து வந்திருக்கிறார். திருநீறு குரல் வருகிற ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டதில், மாமாவுக்கு வருகிற குரலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டிருக்கிறது. பயம் இன்னும் கூடிப்போயிற்று.

மாமா போனை என் பக்கம் நீட்டினார். "இன்னும் யோசிக்கிறீங்களா?" என்று அது என்னைக் கேட்டது.

கம்முனு இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மாரியம்மன் புண்ணியம் என்று சொல்லியிருப்பேன். அதற்குள் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அட, இது நம்ம வெப்சைட்டாச்சே. இந்தப் பூவு, வெளக்கு எல்லாம் இவன் போட்டதுதான். நான்தானே நம்ம ரெண்டு வீட்டுக் குரூப்புல அனுப்புனேன், 'எல்லாரும் ஆதரவு குடுங்க'ன்னு. என் மகன் செஞ்சதுன்னு எழுதத்தான் மறந்துட்டேன்." பெருமை தாங்காமல் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இதுதானோ தம்பி, கடைசி வரைக்கும் கூட நிக்கிற கம்பெனி?"

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இத்தனை நாளாகத் தேடிய ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்துவிட்டது.

"மாமா, அந்த செபராங் ஜெயா ஆளு நீங்கதானா?" என்றேன், முகமெல்லாம் பல்லாக.

தர்ஷினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாமாவோ கிளார்க் புத்தி போகாமல் விசாரணையைத் தொடங்கினார். "நான் பாக்கிறது உமக்கு அங்க தெரியுமோ?"

"பேரு தெரியாது மாமா. எவ்வளவு நேரம்னு தெரியும். பெட்டிப் பக்கத்துல கால் மணி நேரம்."

"விளம்பரம் வந்ததால தட்டுப்பட்டுப் போனது அது."

"இல்ல மாமா, விளம்பரம் வழியா வந்தா வேற கணக்குல விழும். நீங்க நேராவே வந்திருக்கீங்க. ஆறு தடவை."

"ஆறு தரமோ?" என்றார் மாமி.

நான் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமி கணவரைப் பார்த்த பார்வையில் கோயில் அர்ச்சனை, திருநீறு எல்லாம் இருந்தது. "பெட்டி துரத்துது துரத்துது எண்டு நான் கோயில் கோயிலா அலையிறன். நீங்களே போய்ப் பாத்தனீங்களோ?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கேக்க யோசிச்சனான். எனக்கு ஒண்டெண்டா நீர் ஆரிட்டப் போய் நிப்பீர்? உமக்கு பேங்க் கார்டு போட்டுக் காசு எடுக்கவும் தெரியாது. அழுதுகொண்டு நிக்கிற நேரத்தில ஆர் என்ன சொன்னாலும் தலையாட்டுவீர். கதைக்க வந்தா வாயப் பொத்துறீர். அதுதான் நானே பாத்து வைப்பம் எண்டு."

மாமி அழுதுவிட்டார். தர்ஷினியும் அழுதாள். என் அம்மாவுக்கு யார் அழுதாலும் போதும், அவரும் சேர்ந்துகொண்டார். நடுவில் நான் பழத்தட்டைப் பிடித்தபடி, விளம்பரத்தில் வந்த ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். நாள் பேச்சு எழவே இல்லை. திரும்பி வரும்போது பாலத்தின் மேல் அம்மா, "நான் என்னடா தப்பா சொன்னேன்?" என்று கேட்டார். தர்ஷினி அனுப்பிய செய்தி ஒரே வரி. "எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்கச் சொன்னா, அவருக்கே காரியம் பண்ணப் பாக்கறியா?"

மாசக் கடைசியில் ராஜு அண்ணே கடையில் கணக்கைத் திறந்தேன். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தியவர்கள், எங்கள் வீட்டு ஆட்களைக் கழித்துவிட்டால், யாருமில்லை. பெரிய வட்டமாக ஒரு பூஜ்யம்.

"அப்ப பேஸ்புக்கப் பாத்து எவனும் வரல," என்றார் அண்ணே. திட்டவில்லை. அவர் தொழிலில் பழகிப்போன அதே இதமான குரலில்தான் சொன்னார். ஒப்பந்தம் போச்சு, அதோடு தர்ஷினியும் போச்சு என்று நான் மடிக்கணினியை மூடும்போது, வாசலில் அவளுடைய காடி வந்து நின்றது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா இறங்கினார். பின்னாலேயே மாமி.

மாமா பேரைச் சொன்னதும் ராஜு அண்ணே நிமிர்ந்தார். "சார், முந்தாநாளு கடை போனுக்கு அடிச்சு அரை மணி நேரம் கேள்வி கேட்டது நீங்கதானா?"

"ஓம். பொத்தான் எல்லாம் எனக்கு நம்பிக்கையில்ல. நம்பர் இருந்தது, எடுத்துக் கதைச்சனான். இண்டைக்கு மனுசியோட வந்து எனக்கொரு பெட்டியை முன்கூட்டியே பதிஞ்சு வைப்பம் எண்டு வந்தனான்."

அண்ணே என் பக்கம் திரும்பினார். "போன்ல வந்தது ஏண்டா உன் கம்ப்யூட்டர்ல இல்ல?"

"போனை எண்ண மறந்துட்டேண்ணே."

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அலுவலகத்தில் கோப்புக்குக் குறிப்புச் சொல்லுகிற மாதிரி சொன்னார். "இந்தத் தம்பியிட விளம்பரத்தப் பாத்துத்தான் நான் வந்தனான். இல்லாட்டி வந்திருக்கமாட்டன். எழுதிக்கொள்ளும்." பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நிரந்தர வருமானம் வேணும் எண்டு கேட்டது நான்தானே," என்றார்.

மாமி அலங்காரம் ஒன்றும் இல்லாத சாதாரணப் பெட்டியைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் நல்லதாக எடுப்போமே என்று மாமா இழுக்க, "எனக்கு விருப்பமில்லாத வேலை, இதில பகட்டு வேறயோ?" என்று மாமி சொல்லிவிட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதே மேசையில், அதே பேனாவால், ராஜு அண்ணே என் ஒப்பந்தத்திலும் போட்டார். சமூக ஊடகத்தால் வியாபாரம் நடக்கிறது என்பதற்கு அந்த மாசம் என் கையில் இருந்த ஒரே சாட்சி, என் வருங்கால மாமனார்தான். வெளியே வந்ததும் அவர், "இப்ப நாள் பாப்பம்," என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ராஜு அண்ணே பரிசோடு வந்தார், தொழில் கார்டை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாராவது கறி போதுமா, சேலை வேணுமா என்று இழுத்தால், எல்லாரும் சேர்ந்து "இன்னும் யோசிக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். என் போன் நம்பரை மச்சான் 'சீக்கிரம் வாங்க' என்று பதிந்து வைத்திருக்கிறான். மாமா காலையில் நடை, மாலையில் கிரிக்கெட் என்று கல்லு மாதிரி இருக்கிறார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, என்ர கணக்கு இன்னும் பெண்டிங்தானே?"

"பெண்டிங்தான் மாமா."

"அப்படியே இருக்கட்டும்," என்று பெரிய துண்டாக வெட்டி எனக்கு ஊட்டுவார்.

ராஜு அண்ணனுக்கு மாசாமாசம் நான் கொடுக்கிற அறிக்கையில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: செபராங் ஜெயா, ஒருவர், இன்னும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று குடைகிற மனிதர், அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும் தம்பி, அவசரமில்ல," என்பார்.