மஞ்சள் பிள்ளை, நீலப் பிள்ளை

யாராவது கேமராவை நீட்டி, "ஒரு போட்டோ எடுங்களேன்" என்றால், பக்கத்தில் நிற்கிற ஆளைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடக்கம் என்று நினைக்கிறார்கள். பயம். நான் எடுத்த இரண்டே இரண்டு போட்டோ, ஒரு மனுசனைக் கத்தாரிலிருந்து போடிநாயக்கனூர் வரைக்கும் அலறியடித்து ஓடிவர வைத்திருக்கிறது.

அந்த மனுசன் என் அக்கா புருசன். கல்யாணமாகி நாலாம் மாசம் கத்தாருக்குப் போனவர். போன பிறகுதான் அக்கா முழுகாமல் இருப்பதே தெரிந்தது. அவள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த சமயம், ஊருக்கு வந்த நண்பர் ஒருத்தரிடம் மச்சான் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கொடுத்துவிட்டார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும்.

"மாப்ளே, பிள்ளை பொறந்ததும் மொத சோலியா போட்டோ எடுத்து அனுப்பு. யார் ஜாடை, என்ன நிறம்னு நான் பாக்கணும்." போனில் இதையே மூன்று தடவை சொன்னார்.

நிறமா? என்னிடமா? அப்போது நான் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். காயை ஒரு கை அள்ளினால் பச்சையில் பத்துப் பச்சை சொல்வேன் (அந்தத் திமிர்தான் எல்லாத்துக்கும் காரணம்).

கேமராவைப் பழகிக்கொள்ள முதலில் போடிமெட்டுக்குப் போனேன். ஏலச் செடிகள் மேல் மூடுபனி இறங்கிக் கிடந்தது. எடுத்ததெல்லாம் நீலம் பாய்ந்து வெளிறிப்போய் விழுந்தது. ஒவ்வொரு பட்டனாக அமுக்கியதில், திரையில் சூரியன், மேகம், குண்டு பல்பு என்று சின்னச் சின்னப் படங்கள் வந்தன. மேகத்தில் வைத்தேன். செடி நேரில் நிற்கிற மாதிரியே வந்தது. அந்தக் கலையை முழுசாகக் கற்றுவிட்டதாக முடிவு செய்து பஸ் ஏறிவிட்டேன்.

பிள்ளை பிறந்தாள். எங்கள் உள்ளறையில் பகலிலும் குண்டு பல்பு எரியும். "ஃபிளாஷ் போடாதடா, பிள்ளைக்குக் கண்ணு கூசும்" என்றாள் அம்மா. போடவில்லை. மேகத்தையும் மாற்றவில்லை. பிள்ளை தகதகவென்று மஞ்சளாக விழுந்தாள். தங்க விக்கிரகம்! பிரவுசிங் சென்டருக்கு ஓடி மெயிலில் அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் போன்.

"மாப்ளே, பிள்ளைக்கு மஞ்சக்காமாலையா?"

"ஐயோ, இல்ல மச்சான். நல்லா இருக்கா."

"கண்ணு முழிகூட மஞ்சளா இருக்குடா. மறைக்காதீங்க. டாக்டர் என்ன சொல்றாரு?"

பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியும்தான் மஞ்சளாக இருந்தது. ஆனால் பிள்ளை முகத்தையே பார்த்திராத தகப்பன் துணியையா பார்ப்பான்? நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி இல்லை என்றோம். சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் பலமானது.

கேமராவோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். பல்பு வெளிச்சத்துக்குப் பல்பு படம், மாற்றி வைத்தால் நிறம் மாறிவிடும் என்று போட்டிருந்தது. அப்படியே வைத்தேன். வைத்துவிட்டு, நல்ல வெளிச்சமாக இருக்கட்டுமே என்று பிள்ளையை வாசல் வெயிலுக்குத் தூக்கிவரச் சொல்லி எடுத்தேன் (ஆமாம், பல்பு படத்தை மாற்றாமலே). பிள்ளை நீலமாகிவிட்டாள். வெயில் கூச்சத்தில் அந்தச் சின்னத் திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவிடம் நீட்டினேன். முந்தானையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. வெரசா அனுப்பு."

பிரவுசிங் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை போன் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மச்சானே வந்தார். கையில் ஒரே ஒரு பை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினார்.

"பிள்ளை நீலம் பாரிச்சுக் கெடக்கே, நெஞ்சுல கோளாறா? ஆபரேசன் எப்போ?"

அக்கா பிள்ளையை அவர் கையில் வைத்தாள். மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. அச்சு அசல் அவரைப் போலவே நல்ல கறுப்பு. பிள்ளையின் உள்ளங்காலை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து என்னைத் தேடினார். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "தம்பியத் திட்டாதீங்க. நீலமா இருந்தது எனக்குத் தெரியும். நான்தான் அனுப்பச் சொன்னேன்."

பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "ஏன்டி?"

"மஞ்சளுக்கு நீங்க வரலியே."

பன்னிரண்டு நாள் இருந்தார். பிள்ளையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. கிளம்புகிற அன்று கேமராவை அவருடைய வெள்ளை வேட்டிக்கு நேரே காட்டி, இதுதான் வெள்ளை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்து, மூன்று பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். நிறமெல்லாம் சரி. யார் முகத்திலும் சிரிப்புத்தான் இல்லை.

மச்சான் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு வருசத்துக்கு ஒரு லீவு. பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறாள். தினமும் வீடியோ காலில் அப்பாவிடம் பேசுகிறாள். பேசப் பேச, சொல்ல ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு நேரம் வரும்.

"அப்பா, மாமாவ ஒரு போட்டோ எடுக்கச் சொல்லவா?" என்பாள்.

வீடே சிரிக்கும். அந்தப் பக்கம் மச்சானும் சிரிப்பார். சிரித்து முடித்துத் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவருவார்.

"லீவு கேட்டுருக்கேன் ஆத்தா" என்பார்.