அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் பார்த்த வைத்தியம்

தனியாக இருக்கிறவனை யாராவது நலம் விசாரித்தால், ஏன் விசாரிக்கிறார்கள் என்று அவன் யோசிக்கவே மாட்டான். நானும் யோசிக்கவில்லை. அதன் பலனை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

2008ஆம் வருஷம். சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். (பாடம் என்றால் வேர்டும் எக்செல்லும்தான். அதற்கு மேல் பிள்ளைகள் ஏதாவது கேட்டால், "அது அடுத்த கோர்ஸ்ல வரும்" என்பேன்.) மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை, பேச்சுத்துணைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர். சாயங்காலம் வந்ததும் மெசஞ்சரைத் திறந்து வைப்பேன். யார் யாரோ வருவார்கள், போவார்கள். என்னிடம் ஒருவரும் பேச மாட்டார்கள். நானாகப் பேசவும் கௌரவம் இடம் கொடுக்காது. பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

கடலூரில் அக்கா இருந்தாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆனால் அவள் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் மகன் இனியனுக்குத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவனுக்கு இருப்பது நான் ஒருவன்தான். விடியற்காலையில் பஸ் ஏறினேன், தூங்கினேன், கண் விழித்தால் பாண்டிச்சேரி! நல்ல நேரம் முடிந்துவிட்டிருந்தது. பயத்தில் போன் செய்து "காய்ச்சல்க்கா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூரி சாப்பிட்டேன். அதை அக்காவின் எதிர்வீட்டுக்காரர் பார்த்துத் தொலைத்தார். கடலூர்க்காரன் பாண்டிக்கு எதற்குப் போவான் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. (சத்தியமாகப் பூரி மட்டும்தான்.) பெரியப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். அன்றிலிருந்து அக்கா என் போனை எடுப்பதில்லை. சில மாதங்களில் நானும் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மெசஞ்சரைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். "எப்படிடா இருக்க?" "ரொம்ப நாளாச்சு!" "உன் போட்டோ தொறக்க மாட்டேங்குது." எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன போட்டோ என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒவ்வொருவருக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். மெஸ் சாம்பார் தண்ணியாக இருக்கிறது, அக்கா பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது என்பதுவரை எழுதினேன். அந்த வரிசையில் சென்டர் ஓனரும் இருந்தார். அவருக்கும் எழுதினேன்.

அவர்தான் போன் செய்தார். "யோவ், உன் கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குய்யா. 'என் போட்டோவப் பாருங்க'ன்னு அது எல்லாருக்கும் லிங்க் அனுப்பிக்கிட்டு இருக்கு. சாம்பார் கதையெல்லாம் எனக்கு எதுக்கு?"

ஆக, யாரும் என்னை நினைத்துக்கொள்ளவில்லை. எனக்காக நாலு பேரைக் கூப்பிட்டது ஒரு வைரஸ்தான். அதை அழிக்கவே எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு நாள் அப்படியே விட்டு வைத்தேன்.

பிறகு சென்டரில் கூட வேலை பார்த்தவன் வைத்தியம் சொன்னான். "மறைஞ்சிருக்கற ஃபைலையெல்லாம் காட்டச் சொல்லி ஆப்ஷன் இருக்கு பாரு. அதப் போட்டா சிலது மங்கலாத் தெரியும். அதெல்லாம் திருட்டுப் பயலுவ. ஷிஃப்ட்டோட டெலீட்ட அமுக்கு, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போவாது." அப்படியே செய்தேன். என் கம்ப்யூட்டரில் போவதற்கு ஒன்றும் இல்லாததால், வைத்தியம் பலித்துவிட்டதாக நம்பினேன்.

நாலாம் நாள் போன் அடித்தது. அக்கா!

"டேய், என்னாத்தடா அனுப்பன? ஒரு வருஷம் கழிச்சி போட்டோ அனுப்பியிருக்கானேன்னு ஆசையாத் தொறந்தேன். இப்ப கம்ப்யூட்டரு நவுர மாட்டேங்குது. அவுரு கத்துறாரு. வந்து சரி பண்ணிக் குடு."

நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றே லீவு போட்டுக் கடலூருக்குப் போனேன். பஸ்ஸில் கண்ணை மூடவே இல்லை.

மாமா (அக்கா வீட்டுக்காரர்) நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க மச்சான். கம்ப்யூட்டர் வாத்தியாரு கைய வச்சா ஓடிடும்" என்றார். அக்கா முகம் கொடுக்கவில்லை. ஆனால் காபியில் சர்க்கரை எனக்குப் பிடித்த அளவு இருந்தது. இதை எப்படியாவது சரி செய்துவிட்டால் பழையபடி பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறைந்திருப்பதைக் காட்டும் ஆப்ஷனைப் போட்டேன். ஒவ்வொரு ஃபோல்டரும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒன்று பளிச்சென்று, ஒன்று மங்கலாக. "பாத்தீங்களா மாமா, ஒளிஞ்சிக்கிட்டு இருக்கானுவ!" என்று மங்கலானதையெல்லாம் மொத்தமாகப் பிடித்து ஷிஃப்ட்டோடு டெலீட் அடித்தேன். நிஜமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நிஜமாகத்தான் என்றேன்.

பிறகு பளிச்சென்று இருந்த 'காதுகுத்து' போட்டோ ஃபோல்டரை அழுத்தினேன். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், திறக்கவில்லை. அப்போதுதான் விஷயம் புரிந்தது. அந்த வைரஸ் நிஜ ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஃபோல்டர் மாதிரியே வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தது. நான் வேஷக்காரனை விட்டுவிட்டு, வீட்டுக்காரனை அடித்துக் கொன்றிருந்தேன். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை அதே கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். அது அழிந்தவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்து, மிச்சத்தையும் ஒழித்தது.

"பிரிண்ட்டு போட்டு வச்சிருக்கியாக்கா?"

"இல்ல. போடணும்னு சொல்லிக்கிட்டே இருந்தோம்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "அந்த லிங்க்கும் நான் அனுப்பலக்கா. வைரஸ்தான் அனுப்புச்சி" என்றேன்.

"அப்ப நீயா பேசணும்னு நெனைக்கவே இல்லையா?"

"தெனம் நெனச்சேன். நீ எடுக்க மாட்டன்னுதான் பண்ணல."

அக்கா உள்ளே போனாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தபோது, மாமாவின் பட்டு வேட்டியோடு வந்தாள். "கட்டிக்கிட்டு உக்காரு" என்றாள். தூங்கிக்கொண்டிருந்த இனியனை எழுப்பிப் பட்டுச்சட்டை போட்டு என் மடியில் வைத்தாள். மாமாவைக் கூப்பிட்டுக் கேமராவைக் கொடுத்தாள். இனியன் என்னை நிமிர்ந்து பார்த்தான். யாரென்று தெரியவில்லை. வீறிட்டு அழுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாமா அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்தார்.

இனியனின் காது குத்துக்கு இருப்பது அந்த ஒரே படம்தான். வருகிறவர்கள் எல்லோரும், "பையன் தலையில மொட்டையக் காணுமே? மாமன் ஏன் அழுவுறாரு?" என்று கேட்கிறார்கள். அக்கா அலுக்காமல் முழுக்கதையையும் சொல்கிறாள். இனியனுக்கு நான் வைரஸ் மாமா. இப்போது அவன் வளர்ந்து, சென்னையில் வேலைக்குப் போய்த் தனி அறை எடுத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான்.

"லேப்டாப்பு ஸ்லோவா இருக்கு மாமா. யார்கிட்ட குடுக்கலாம்னு மட்டும் சொல்லுங்க. நீங்க கெளம்பி வந்துடாதீங்க."

லேப்டாப் விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறமும் அவன் போனை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை.